முக்கோணவியலுக்கு இயற்கணிதமே திறவுகோல்

முக்கோணவியல் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் பலர். "இத்தனை சூத்திரங்களையும் எப்படி மனப்பாடம் செய்வது?" என்பது அவர்களுடைய கவலை. கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரிலிருந்து கல்லூரிக்கு வந்த நானும் முதலாண்டில் அப்படித்தான் திகைத்து நின்றேன். ஒரு தேர்வில் நான் 'நிறுவிய' கணக்கிற்குப் பூஜ்ஜியம் கிடைத்த பின்னரே உண்மை விளங்கிற்று. அதனை இங்கே கூற விழைகிறேன்.

முற்றொருமை என்பது யாது? சமன்பாடு சில மதிப்புகளுக்கு மட்டும் பொருந்தலாம். முற்றொருமையோ, இருபுறமும் பொருளுடையதாக இருக்கும் எல்லாக் கோணங்களுக்கும் பொருந்த வேண்டும்.

சைனை 'ச' என்றும் கொசைனைக் 'க' என்றும் எழுதுவோம். அப்படியானால் டேன்ஜெண்ட் ச/க, கொடேன்ஜெண்ட் க/ச, சீகண்ட் 1/க, கொசீகண்ட் 1/ச. இவற்றைப் பிணைக்கும் விதி ஒன்றே:

ச² + க² = 1

இது பிதாகரஸ் தேற்றத்தின் மறுவடிவமே. ஒரே கோணத்தைப் பற்றிய முற்றொருமைகளுக்கு இவ்வளவு போதும். எஞ்சியவை பள்ளியில் படித்த இயற்கணிதந்தான்.

எடுத்துக்காட்டாக, டேன்ஜெண்டையும் கொடேன்ஜெண்டையும் கூட்டினால் சீகண்ட், கொசீகண்ட் ஆகியவற்றின் பெருக்கற்பலன் வரும் என நிறுவுவோம்.

இடப்பக்கம் = ச/க + க/ச
= (ச² + க²) / (ச × க)
= 1 / (ச × க) = வலப்பக்கம்.

பின்னங்களைக் கூட்டினோம், விதியைப் பயன்படுத்தினோம், அவ்வளவே!

அடுத்து, ச⁶ + க⁶ = 1 − 3ச²க² என்பதைப் பார்ப்போம். ஆறாம் அடுக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். ச² என்பதை 'அ' என்றும் க² என்பதை 'ஆ' என்றும் கொள்க.

அ³ + ஆ³ = (அ + ஆ)³ − 3அஆ(அ + ஆ)

இங்கே அ + ஆ = 1. எனவே விடை உடனே வந்துவிடுகிறது.

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். நிறுவ வேண்டியதையே உண்மை என்று முதல் வரியில் எழுதி, இருபுறத்தையும் வர்க்கப்படுத்தி, இறுதியில் 1 = 1 என முடித்தேன். இதில் என்ன தவறு என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர், ச = √(1 − க²) என்பதை அதே முறையில் நிறுவிப் பார்க்கச் சொன்னார். வர்க்கப்படுத்தினேன்; ச² = 1 − க² என்று சரியாகவே வந்தது. "270 பாகையைப் போட்டுப் பார்" என்றார். இடப்பக்கம் −1; வலப்பக்கம் +1! பொய்யான கூற்றும் என் முறையில் மெய்யாகிவிட்டது.

எங்கள் மலையில் பூண்டு எடைபோடுபவர் தராசுத் தட்டைக் கையால் அழுத்திக்கொண்டு எடை சரி என்றால் யார் ஒப்புவர்? நான் செய்ததும் அதுவே. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, படிப்படியாக மாற்றி, மறுபக்கத்தை அடைவதே நேர்மையான வழி. இரு பக்கமும் சிக்கலாயின், தனித்தனியே சுருக்கி ஒரே விடைக்குக் கொண்டுவரலாம்.

கணிதமேதை இராமானுஜன் பள்ளி மாணவராக இருந்தபோதே லோனியின் முக்கோணவியல் நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவரும், பிற பாடங்களில் தவறி அதனை இழந்தார். ஆகவே மதிப்பெண் குறைந்தால் மனம் தளர வேண்டாம், நண்பர்களே! குறைந்தது ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே எனக்குக் கணிதத்தின் கதவைத் திறந்தது.