கையில போன்... ஊர்ல கதை... நீங்களும் பாட்காஸ்டர்தான்!

காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, யாரோ பேசுறதை பஸ்ல மணிக்கணக்கா கேட்கிறீங்கதானே? ‘நாமே ஒண்ணு பண்ணினா என்ன?’ன்னு எப்பவாவது தோணியிருக்கா? அப்படின்னா மேலே படிங்க!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ‘பாட்காஸ்ட்’ங்கிற வார்த்தை பிறந்தது 2004 பிப்ரவரியில். லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் போகிற போக்கில் எழுதியது. ஐபாட்ல பாதி, பிராட்காஸ்ட்ல பாதி! அதே மாசம்தான் நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ ஆரம்பமானது. இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி அது.

ஆனால் வானொலிக்கு லைசென்ஸ் வேணும், டவர் வேணும். எங்க நீலகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 2013-ல் தொடங்கிய ‘ரேடியோ கோத்தகிரி’, மலைமக்களின் மொழிகளிலேயே நிகழ்ச்சி செய்து அசத்தியது. ஆனாலும் சமுதாய வானொலிக்கு எல்லை உண்டு. மலை குறுக்கே நின்றால் சத்தம் தாண்டாது. பாட்காஸ்ட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழியில் இருக்கிற எங்க இத்தலார்ல பேசினா, பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன் கேட்கலாம்.

சரி, எதைப் பற்றிப் பேசுறது? சினிமா, கிரிக்கெட் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. எங்க ஹட்டியில் பேசுற படுகு மொழியை, 2011 கணக்கெடுப்பின்படி, தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,33,550 பேர்தான். பரவலாக எழுதப்படாத மொழி. கதை, பழமொழி, பாட்டு எல்லாம் பெரியவங்க வாயில்தான் இருக்கு. அவங்க போயிட்டா? அதனால் முதல் எபிசோடுக்கு நான் தேடிப் போனது பக்கத்து வீட்டுப் பாட்டியை. அதில் கற்ற பாடங்கள் இதோ...

இடம்: தகர ஷீட் வீட்டில் மழை நேரத்தில் ரெக்கார்டிங் வேண்டாம். வெறும் சுவர் எதிரொலிக்கும். சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிடுங்க, சத்தத்தை உறிஞ்சிடும். எங்க ஊர்ல கம்பளிக்கா பஞ்சம்! போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்க.

அமைதி: யாரும் பேசாமல் அரை நிமிஷம் பதிவு பண்ணுங்க. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச சாஃப்ட்வேர் அந்த மாதிரியை வச்சுத்தான் பின்னணி இரைச்சலைக் குறைக்கும்.

ஃபைல்: பதிவு பண்ணும்போது வேவ் ஃபார்மேட். மோனோவில் நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி. ஆகும். கடைசியில் 64 கே.பி.பி.எஸ். எம்பி3-யா மாத்தினா, அரை மணி நேரமும் 15 எம்.பி.க்குள் அடங்கிடும். மலை ஊர் சிக்னலுக்கும் தாங்கும்!

கேள்வி: ‘அந்தக் காலம் எப்படி இருந்தது பாட்டி?’ன்னு கேட்டா, ‘நல்லா இருந்தது’ன்னு ஒரே வரியில் முடிஞ்சிடும். ‘முதல் முதலா தேயிலை பறிச்சு எவ்வளவு கூலி வாங்கினீங்க? அதுல என்ன வாங்கினீங்க?’ன்னு கேளுங்க. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டினது பேப்பரில் வந்தது. அன்னிக்கு ராத்திரி அடுப்பு எரிஞ்சுதான்னு பேப்பரில் வரலையே! அதைக் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அதுதான் கஷ்டம். பாட்டி யோசிக்கிற அந்த நாலு செகண்டில் நீங்க குறுக்கே பேசினா கதை போச்சு.

அனுமதி: சின்ன ஊரில் குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. பதிவுக்கு முன்னாடி கேளுங்க. வெளியிடறதுக்கு முன்னாடி அவங்களுக்கே போட்டுக் காட்டுங்க. பாட்டி, குடும்ப விஷயம் ஒன்றைச் சொல்லிட்டு ‘இது வேண்டாம்ப்பா’ன்னார். அந்த இடம் கட்! பேச்சுவார்த்தையே கிடையாது.

எடிட்டிங்: இருமலை வெட்டலாம், பெருமூச்சை வெட்டாதீங்க. அதுவும் கதைதான்.

பாட்காஸ்ட்னா பேசுற கலைன்னு நினைக்கிறோம். நிஜத்தில் முக்கால்வாசி, கேட்கிற கலை பாஸ்! காஸ்ட்லி மைக் வாங்கக் காசு சேர்த்துக்கிட்டே இருக்காதீங்க. மைக் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். உங்க தாத்தா, பாட்டி குரல்? இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல... ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்க!