நன்னடத்தை என்னும் நிபந்தனை

வழக்குரைஞராகத் தொடங்கி, நகர மேயராக உயர்ந்து, மாகாண உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தவர் கனடாவின் லியோ லாண்ட்ரெவில். அந்நாட்டு நீதித்துறை வரலாற்றில் அவருடைய தீர்ப்புகளைவிட, அவர் பதவி விலக நேர்ந்ததே அதிகம் பேசப்படுகிறது. நீதிபதிக்கு எவ்வளவு பாதுகாப்பு தேவை, அந்தப் பாதுகாப்பின் எல்லை எது என்கிற விவாதம் எழும்போதெல்லாம், அவரது அனுபவம் கவனத்துக்குரியது என்றே நான் கருதுகிறேன்.

கனடாவில் மாகாண உயர்நீதிமன்றத்தை அமைத்து நிர்வகிப்பது மாகாண அரசு. ஆனால், அதன் நீதிபதிகளை நியமிப்பது மத்திய அரசு. அவர்களது ஊதியத்தை நிர்ணயிப்பது நாடாளுமன்றம். 1867-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. எனவே, மாகாண அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் நீதிபதி தனது ஊதியம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. நன்னடத்தை உள்ளவரை அவர் பதவியில் நீடிக்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கோரினால் மட்டுமே தலைமை ஆளுநர் அவரை நீக்க முடியும். 75 வயதில் ஓய்வு என்கிற வரம்புகூட 1961-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய பாதுகாப்பு மிக்க பதவிக்கு, ஒன்டாரியோ மாகாணத்தில், 1956-இல் லாண்ட்ரெவில் வந்தார். அதற்கு முன் அவர் மேயராக இருந்தபோது, சட்பரி நகரில் எரிவாயு விநியோகிக்கும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் பங்குகள் வாயிலாக அவர் 1,17,000 டாலர் ஆதாயம் அடைந்தது பின்னாளில் வெளிச்சத்துக்கு வந்தது. 1964-இல் தொடரப்பட்ட குற்ற வழக்கு, முதல்கட்ட விசாரணையோடு முடிந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

ஆனால், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும், நீதிபதியாக இருக்கத் தகுதியுண்டு என்பதும் ஒன்றல்ல. 1966-இல் விசாரணை நடத்திய, உச்சநீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஐவன் ராண்ட், லாண்ட்ரெவில் அப்பதவிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்தார். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் பதவி நீக்கத்தைப் பரிந்துரைத்தது. அவைகள் தீர்மானம் நிறைவேற்றுமுன், 1967 ஜூனில் அவர் விலகினார்.

விவகாரம் அத்துடன் ஓயவில்லை. தமக்குப் பாதகமான முடிவு குறித்து முன்னறிவிப்புத் தந்து விளக்கம் கேட்கவில்லை என்று லாண்ட்ரெவில் வழக்குத் தொடுத்தார். 1977-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆக, முறையான நடைமுறை இல்லாததால் இரு தரப்புக்கும் இழப்பு ஏற்பட்டது. மக்களின் ஐயம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. நீதிபதிக்கும் இயற்கை நீதி கிடைக்கவில்லை.

நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் கனடா நீதித்துறைக் கவுன்சில் 1971-இல் அமைக்கப்பட்டதற்கு இவ்விவகாரமும் ஒரு காரணம். அந்த நடைமுறையும் காலப்போக்கில் மேல்முறையீடுகளால் நீண்டுகொண்டே போனதால், 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. கண்டிப்பு, மன்னிப்புக் கோரச் செய்தல் போன்ற, பதவி நீக்கத்துக்குக் குறைவான நடவடிக்கைகளுக்கும் இப்போது வழியுண்டு.

கனடா நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இணைந்து இன்றுவரை எந்த உயர்நீதிமன்ற நீதிபதியையும் நீக்கியதில்லை. இதை நீதித்துறையின் தூய்மைக்குச் சான்றாக மட்டும் கொள்ள இயலாது. நீக்கும் நிலை நெருங்கியதும் விலகிவிடும் வாய்ப்பும் இதற்கு ஒரு காரணம்.

பதவிப் பாதுகாப்பு நீதிபதியின் நலனுக்காக வழங்கப்படும் சலுகை அன்று. அவரிடம் நீதி கேட்டு வரும் சாமானியருக்கு அரசமைப்பு அளிக்கும் உறுதிமொழி. அந்த உறுதிமொழி நிலைக்க வேண்டுமெனில், புகாரை விரைவாகவும் நியாயமாகவும் விசாரிக்கும் அமைப்பு, புகார் எழுவதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.