கத்திக்கு முன் மருந்து

பயாப்சி ரிப்போர்ட்டில் மார்பகப் புற்றுநோய் என்று வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். "முதலில் சில மாதம் மருந்து, அப்புறம் ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னால் பதறிப்போகிறார்கள். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பதா என்ற அந்தப் பயம் இயல்பானதே. ஆனால் ஹெர்-2 வகைப் புற்றுநோய் பலருக்கு அந்த மாதங்களில்தான் தன் குணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

குறி எது?

மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், செல்லின் மேற்பரப்பில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். செல்லை ஓயாமல் பெருகத் தூண்டுவது அதுதான். ட்ரஸ்டுசுமாப், பெர்டுசுமாப் என்ற மருந்துகள் அந்தப் புரதத்தின் இரு வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டு அந்தத் தூண்டுதலைத் தடுக்கின்றன.

கட்டியே சொல்லும் பதில்

கட்டியை எடுத்தபின் மருந்து கொடுத்தால், அது வேலை செய்ததா என்று அறிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்பே கொடுத்தால், ஆபரேஷனில் எடுத்த திசுவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நியோஸ்பியர் என்ற ஆய்வு இப்படித்தான் நடந்தது. 417 பெண்கள், நான்கு பிரிவுகள், ஆபரேஷனுக்கு முன் நான்கு தவணை மருந்து. கீமோவுடன் ட்ரஸ்டுசுமாப் மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மார்பில் ஊடுருவும் புற்று மிஞ்சவில்லை. பெர்டுசுமாபும் சேர்ந்தபோது அது 45.8 சதவீதம் ஆனது. கீமோவே இல்லாமல் இந்த இரு மருந்துகளை மட்டும் பெற்றவர்களிலும் 16.8 சதவீதம் பேருக்குப் புற்று மறைந்திருந்தது. என்னை மிகவும் வியக்க வைத்தது இந்தக் கடைசி எண்தான். 2013-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பெர்டுசுமாபை ஆபரேஷனுக்கு முன் கொடுக்க அனுமதித்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

கட்டி மறைந்துவிட்டால் சர்ஜன் எதைப் பார்த்து அறுப்பார்? அதற்காகவே மருந்து தொடங்குமுன் கட்டிக்குள் எள்ளளவு உலோக கிளிப் ஒன்றை வைப்பார்கள். கட்டி கரைந்தாலும் அது இடத்தைக் காட்டும். கட்டி தெரியவில்லை என்பதற்காக ஆபரேஷனைத் தவிர்த்துவிடக் கூடாது.

மிச்சம் இருந்தால்

எடுத்த திசுவில் புற்று மிஞ்சியிருந்தால் தோல்வி என்று மனம் உடைய வேண்டாம். கேத்தரின் என்ற ஆய்வில், புற்று மிஞ்சிய 1,486 பேரில் பாதிப் பேருக்கு ட்ரஸ்டுசுமாபையே தொடர்ந்தார்கள். மற்றவர்களை டி-டிஎம்1 என்ற வேறொரு ஹெர்-2 மருந்துக்கு மாற்றினார்கள். மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 77, 88.3 சதவீதம். முன்பே மருந்து கொடுத்திராவிட்டால், யாருக்கு மருந்தை மாற்ற வேண்டும் என்றே தெரிந்திருக்காது.

இந்த மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கக்கூடும். எனவே தொடங்குமுன்னும் இடையிடையேயும் எக்கோ எடுப்பது கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்குமுன் ஹெர்-2 ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் 2+ (உறுதியில்லாத முடிவு) என்றிருந்தால், அதைத் தெளிவுபடுத்தும் ஃபிஷ் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். "எனக்கு முதலில் மருந்தா, ஆபரேஷனா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.