துணைக்கு யார் போவது?

துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையை எண்ணூர் விரைவுச் சாலையில் பார்க்கலாம். ஒரு டிரைவர் வண்டியோரம் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பார். நாலு பேர் சாப்பிடுவார்கள். வரிசை நகர்ந்தால், அசந்து தூங்குகிறவரைப் பின்வண்டிக்காரர் தட்டி எழுப்புவார். எந்த நிர்வாகமும் ஏற்பாடு செய்து தராத துணை இது.

வடசென்னைக்கு இது புதிதல்ல. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய ஆன்மிகச் சபைக்கு பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளர்கள் வருவார்கள். சொற்பொழிவு கேட்க வந்தவர்கள், சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்று மனக்குறையைக் கொட்டினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார்.

மூன்றே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை உடைந்ததையும் சொல்லியாக வேண்டும். 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. சேரிக்குள் எட்டாத தோழமை பட்டினி நாளில் எப்படித் தாங்கும்?

இன்று திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிலாளர்களைப் பிரிக்கும் கோடு வேறு இடத்தில் விழுகிறது: நிரந்தரம், கான்ட்ராக்ட். ஒரே இயந்திரத்தில் நிற்கிறவர்களுக்குள் சம்பளம் வேறு, சீருடை நிறம் வேறு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் பக்கத்திலிருப்பவரின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் ஏஜென்சிக்காரர் அவனை வேறு ஆலைக்கு மாற்றிவிடுகிறார். வேலைப்பளு அதிகம், வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லை, தோள்கொடுக்கவும் ஆளில்லை என்கிற மூன்றும் சேர்ந்தால் இதயநோய் கூடுகிறது என்று ஜான்சனும் ஹாலும் சுவீடனில் செய்த ஆய்வு 1988இலேயே காட்டியது. அந்த மூன்றும் இங்கே ஒரே ஆளின் தலையில்.

ஆண்டுக்கொருமுறை ரிசார்ட்டுக்கு அழைத்துப்போவது இதற்கு மருந்தாகாது. கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே பந்தி வேண்டும். புதிதாக வந்தவனைக் கொஞ்ச நாளாவது ஒரு மூத்த தொழிலாளியோடு ஒரே ஷிப்டில் விட வேண்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று: கைநசுங்கிய கான்ட்ராக்ட் தொழிலாளியை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ இ.எஸ்.ஐ.க்கோ கூட்டிப்போகிற சகதொழிலாளி அன்றைய கூலியை இழக்கக் கூடாது. அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் நிரந்தரத் தொழிலாளர் சங்கங்களே இந்தக் கோரிக்கையை வைக்கலாம்.