இறந்தார் கடனும் நிலவிலையும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இருபொருள் உடையது. செய்தே தீர வேண்டிய முறைமையும் கடன்; பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். புறநானூற்று 312ஆம் பாடலில் பொன்முடியார் இச்சொல்லை முன்னைய பொருளில் ஆள்கின்றார். இறந்தார்க்குச் செய்யும் நீர்க்கடனும் அப்பொருளினதே. தந்தை இறந்தபின் அவர் பட்ட பொருட்கடனைத் தீர்த்தலும் மைந்தனுடைய முறைமைக் கடனாக நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கடனைத் தீர்ப்பதற்கு நிலத்தை விற்குங்கால், விற்பவனுக்கு அவ்வுரிமை எங்கிருந்து வருகின்றது என்பதும், பழைய விலையாவணங்களைப் படிப்போர்க்கு அதனால் விளங்குவது யாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்பெறும்.

முன்னோர் எழுதிக் கொடுத்தது பின்னோரைப் பிணிக்கும் என்னும் கருத்துத் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், பாட்டனார் எழுதிய ஆளோலையைக் காட்டி முதியவர் வழக்கிட, திருவெண்ணெய்நல்லூர் அவையினர் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு அதனை ஒப்பிட்டு நோக்கி ஏற்கின்றனர். அது பொருட்கடன் வழக்கன்று. எனினும், பேரனைப் பாட்டனார் ஓலை கட்டுப்படுத்துமா என்னும் வினா ஆங்கு எழுந்து விடை பெறுகின்றது.

வடமொழி அறநூல்கள் இப்பொறுப்பிற்கு எல்லை வகுத்தன. தந்தையின் கடனை மகன் வட்டியோடும், பாட்டனின் கடனைப் பேரன் வட்டியின்றி முதலளவிலும் தீர்க்க வேண்டும் என்றும், கொள்ளுப்பேரன் பொறுப்பாளன் அல்லன் என்றும் பிரகஸ்பதி விதிப்பர். சூது, கள் முதலிய தீயநெறியிற் பட்ட கடன்கள் மகனைச் சாரா. கடனோடு இறந்தவன் மறுமையில் துன்புறுவான் என்னும் நம்பிக்கையே இவ்விதிகளுக்கு அடிப்படை. ஆதலின், இதனைச் சட்ட நூலார் ‘அறக்கடப்பாடு’ என்பர்.

தமிழர் வழக்காறாக எழுத்தில் தொகுக்கப்பெற்ற சட்டங்களுள் யாழ்ப்பாணத்துத் தேசவழமை தலையாயது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இதனை 1707இல் தொகுத்தார். பின்னர் இது தமிழில் மொழிபெயர்க்கப்பெற்று, முதலியார் பன்னிருவரால் ஆராய்ந்து ஒப்புக்கொள்ளப்பெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் இதற்குச் சட்டவலிமை தந்தனர்.

தேசவழமை குடும்பப் பொருளை மூவகையாகப் பகுக்கும்: கணவன் வழி வருவது முதுசொம், மனைவி கொணர்வது சீதனம், இல்வாழ்க்கையில் இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். பெற்றோர் பட்ட கடனுக்கு மைந்தர் பொறுப்பாளர் என்றும், தீர்க்கும் பொருள் அப்போது அவர்களிடம் இல்லையாயினும் பொறுப்பு நீங்காது என்றும் அந்நூல் கூறும். ஈண்டுக் கடன் பொருளைப் பற்றி நிற்கவில்லை. ஆளைப் பற்றி நிற்கின்றது. தந்தை விட்டுச்சென்ற நிலம் கடனுக்குப் போதாவிடினும் மகன் விடுபடான்.

ஆளின் பொறுப்பு இத்துணைக் கடியதாயினும், நில விற்பனை அவன் விருப்பத்திற்கே விடப்படவில்லை. நிலத்தை விற்கக் கருதுவோன் தன் உரித்தாளர்க்கும், பங்காளர்க்கும், அந்நிலத்தை ஈடாகப் பெற்றிருந்த அயல்நிலத்தார்க்கும் முன்னறிவித்தல் பண்டை வழக்கம். அவர்கள் கொள்ளாதவிடத்தே பிறர் கொள்ளலாம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் சட்டம் இம்முன்கொள் உரிமையைப் பங்காளர்க்கும், விற்போன் உயிலின்றி இறப்பின் அவனுக்கு உரித்தாளர் ஆவோர்க்கும் என வரையறுத்தது.

தமிழ்நாட்டில் மிதாட்சர நெறியே பெருவழக்கு. இந்நெறியில் மகன் பிறப்பினாலேயே மூதாதையர் பொருளில் உரிமை பெறுதலின், தந்தையோ காப்பாளரோ தனித்து விற்ற நிலம் பிற்காலத்தில் வழக்கிற்கு உள்ளாதல் இயல்பு. 1856இல் அனுமான்பிரசாத் வழக்கில் பிரிவி கவுன்சில் இதற்கு ஒரு நெறி வகுத்தது. இளவன் ஒருவனின் அன்னை ஈடுவைத்த நிலம் பற்றிய வழக்கு அது. பிறர் பொருளை நடத்துவோர்க்குள்ள அதிகாரம் வரம்புடையது. தேவை நேர்ந்தவிடத்தும் குடும்ப நன்மையின் பொருட்டுமே அது செல்லும். பணம் தருவோன் அத்தேவையை ஆராய்ந்தறிதல் வேண்டும். நேர்மையாக ஆராய்ந்து தந்தானாயின், தந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதற்கு அவன் பொறுப்பாளன் அல்லன். பின்னர் 1923இல் பிரிஜ் நாராயண் வழக்கில், தந்தை தன் முற்கடனைத் தீர்க்கச் செய்த விற்பனை மைந்தரைப் பிணிக்கும் என்றும், முற்கடன் என்பது காலத்தாலும் உண்மையாலும் விற்பனைக்கு முற்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும் தெளிவுறுத்தப்பெற்றது.

இந்நெறிகளை அறிந்தபின்னரே விலையாவணத்தின் முகப்பில் வரும் கடன்கூற்றின் பொருள் விளங்கும். முன் வாங்கிய கடனுக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் விற்றதாக எழுதப்பெறும் தொடரை வெறும் எழுத்தர் வாய்பாடு எனத் தள்ளுதல் பொருந்தாது. விற்போனின் அதிகாரம் அக்கூற்றின்மேல் நிற்கின்றது. கொள்வோனின் உரிமையும் அதன்மேலேயே நிற்கின்றது. எனினும், கூற்று மட்டுமே சான்றாகாது. 1916இல் பங்கா சந்திரர் வழக்கில் பிரிவி கவுன்சில் இதனைக் கூறி, நெடுங்காலம் கழிந்து நேரிற் சான்று தருவோர் மறைந்தவிடத்துச் சூழ்நிலையோடு ஒத்துவரும் கூற்றுக்கு மதிப்பு மிகும் என்றும் கூறிற்று. நீதிமன்றத்திற்கு உரைத்த இந்நெறி ஆவண ஆராய்ச்சியாளர்க்கும் ஏற்புடையதே. கடன்கூற்றைக் கண்ட அளவில் ஒரு குடும்பம் வறுமையுற்றது என முடிவு செய்தல் கூடாது. ஈட்டோலை, வரவுசெலவு ஏடு முதலியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே துணிதல் வேண்டும்.

காலப்போக்கில் பொறுப்பு ஆளினின்று நீங்கிப் பொருளைச் சார்ந்தது. பம்பாய் மாகாணத்தில் 1866ஆம் ஆண்டுச் சட்டம் மகனின் பொறுப்பை அவன் பெற்ற சொத்தின் அளவிற்குச் சுருக்கியது. 1925ஆம் ஆண்டின் இந்திய மரபுரிமைச் சட்டம் இறந்தாரின் பொருளைத் தனித்த ஒரு தொகுதியாகக் கொண்டு, அதினின்று செலுத்துவனவற்றை வரிசைப்படுத்தும்: முதற்கண் ஈமச் செலவு முதலியன, அடுத்து உயில்மெய்ப்பு, நிருவாகச் செலவுகள், பின்னர் இறப்பிற்கு முந்திய மூன்று திங்களில் ஊழியம் செய்தோர்க்குரிய கூலி, அதன்பின் ஏனைய கடன்கள். இவையெல்லாம் தீர்ந்த பின்னரே உயிற்கொடைகள் செல்லும். உயிலால் அமர்த்தப்பெற்றவர், உயிலில் தடையில்லையாயின், நிலத்தை விற்கலாம். நீதிமன்றத்தால் அமர்த்தப்பெற்ற நிருவாகியோ அம்மன்றத்தின் இசைவின்றி விற்றலாகாது. உயில் எழுதியோனின் நம்பிக்கை முன்னவர்க்கு உண்டு. பின்னவர்க்கு அது இன்மையின் மன்றமே காவலாகின்றது.

இறுதியாக, 2005ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைத் திருத்தச் சட்டம், அறக்கடப்பாட்டை மட்டுமே காரணமாகக் கொண்டு மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோர்மேல் கடன்காரர் வழக்கிடும் உரிமையை நீக்கிற்று. அச்சட்டத்திற்கு முற்பட்ட கடன்களுக்கு அந்நீக்கம் இல்லை. மகளையும் பிறப்புரிமைப் பங்காளி ஆக்கிய அதே சட்டமே மகனின் பழங்கடப்பாட்டையும் முடித்தது என்பது கருதத்தக்கது. உரிமை மகனுக்கே என்றிருந்தபோது கடனும் மகனுக்கே என்றிருந்தது. உரிமை பொதுவாயவிடத்துக் கடன் பொருளின்மேற் சென்றது.

எனவே, ஒரு விலையாவணத்தை ஆராய்வோர் அதன் ஆண்டையும் இடத்தையும் முதலில் உறுதி செய்து, அக்காலத்து அவ்விடத்துக் கடன் ஆளின்மேல் நின்றதா, பொருளின்மேல் நின்றதா என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரே, அவ்வோலையில் ‘கடன்’ என்னும் சொல் குறிப்பது முறைமையா, பணமா, இரண்டுமா என்பது தெளியப்படும்.