உங்களுக்குத் தெரியுமா? ரூபன்ஸ் வரைந்த நம் சவேரியார்

● முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே ஊர் ஊராக நடந்த சவேரியாரை, பரோக் காலத்தின் மாபெரும் ஓவியரான பீட்டர் பால் ரூபன்ஸ் வரைந்திருக்கிறார். ‘புனித பிரான்சிஸ் சவேரியாரின் புதுமைகள்’ என்ற அந்தப் படம் 5 மீட்டருக்கும் மேல் உயரம். இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● படம் தீட்டப்பட்டது 1617-18 வாக்கில். சவேரியாருக்கு அருளாளர் பட்டம் கிடைத்ததோ 1619-ல். புனிதர் பட்டம் 1622 மார்ச் 12-ல். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் எழும்பிக்கொண்டிருந்த தங்கள் கோயிலின் நடுப்பீடத்துக்காக இயேசு சபையார் வரையச் சொன்ன படம் இது. பட்டத்துக்கு முன்பே பீடத்துக்குப் படம் தயார்! வண்ணத்தில் எழுதிய விண்ணப்பம் என்றே இதைச் சொல்வேன்.

● படம் சொல்வது என்ன? மேடைமேல் கறுப்பு அங்கியில் சவேரியார். கீழே இறந்தவர் உயிர்பெற்று எழுகிறார்; பார்வையற்றவர் கைகளை நீட்டித் துழாவி வருகிறார். மேலே, விசுவாசத்தின் உருவகமான ஒரு பெண். வானத்து ஒளி பாய, கோயில் சிலை சரிகிறது. கரையோர ஊர்களில் இறந்தவர்களை எழுப்பினார் என்ற சாட்சியங்கள் புனிதர் பட்ட விசாரணையில் இடம்பெற்றிருந்தன. ஆனால் சிலை விழும் கோயிலுக்கு நம் ஊர்க் கோபுரம் இல்லை, ரோமாபுரித் தூண்கள்தான். ரூபன்ஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

● கூட்டத்துக்கு நடுவே விசித்திரத் தொப்பியோடு ஓர் ஆசிய மனிதர் நிற்கிறார். அவர் யார் என்பதுதான் நூற்றாண்டுப் புதிர். அதே மனிதரை ரூபன்ஸ் கறுப்பு, சிவப்புச் சாக்குக்கட்டியில் தனியாகவும் வரைந்தார். அது இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தில். 1774-ல் அதைப் பார்த்து அச்சிட்டவர் ‘சயாம் தூதர்’ என்றார். 20-ம் நூற்றாண்டில் உடையை வைத்து ‘கொரியர்’ என்றார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2016-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தைஸ் வெஸ்டைனும் லென்னர்ட் கெஸ்டர்காம்பும் வேறு விடை தந்தார்கள்: 1600-ல் நெதர்லாந்துக்கு வந்துபோன சீன வணிகர் யிப்போங்காக இருக்கலாம் என்று. எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. சீனரா, கொரியரா என்று இவ்வளவு தேடினார்கள். சவேரியார் உண்மையில் பழகிய ஒரு பரதவர் முகம் ரூபன்ஸுக்குக் கிடைக்கவில்லையே!

● சவேரியார் எப்படிப் போதித்தார்? 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். செபங்களைத் தமிழில் மாற்றச் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினாராம். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாம். ரூபன்ஸின் கம்பீரமான சவேரியாரைவிட இந்த மணிக்காரச் சவேரியார்தான் எனக்கு நெருக்கம்.

● ‘ரூபன்ஸ் படம்’ என்றால் முழுக்க அவர் கைதானா? எப்போதும் அல்ல. அதே கோயிலின் 39 விதானப் படங்களுக்கு 1620 மார்ச் 29-ல் போட்ட ஒப்பந்தம் இதைப் பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறது: மாதிரிகளை ரூபன்ஸ் தன் கையால் வரைய வேண்டும், பெரிதாகத் தீட்டுவது வான் டைக்கும் மற்றச் சீடர்களும். அந்த விதானம் முழுவதும் 1718-ல் தீக்கு இரையானது. சவேரியார் தப்பினார்.



● 1773-ல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தார். 1776-ல் பேரரசி மரியா தெரேசா சவேரியார் படத்தையும், அதன் ஜோடியான, சபை நிறுவனர் இஞ்ஞாசியாரின் படத்தையும் வியன்னாவுக்கு வாங்கிக்கொண்டார். ரூபன்ஸ் முதலில் வரைந்த சிறிய மாதிரியும் அதே அருங்காட்சியகத்தில் உண்டு. வியன்னா போகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டால், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.