அஞ்சுல இருந்து நேரா ரெண்டு: கியரைத் தாண்டிப் போடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அது வந்து", "ஆக்சுவலி" எல்லாம் முடிந்தவரை வெட்டியாச்சு.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. இப்பதான் கார் ஓட்டக் கத்துக்கிறாங்களாம். அஞ்சாவது கியர்ல வந்து, சிக்னல் பார்த்து பிரேக் பிடிச்சு, நேரா ரெண்டாவது போட்டிருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கத்திட்டாராம்: "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டுன்னு ஆர்டரா இறக்கும்மா, கியர்பாக்ஸ் போயிடும்!" வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றார். யார் சொல்றது சரின்னு கேட்டிருந்தாங்க.

எனக்கு இது கொஞ்சம் பர்சனல் கேள்வி. ரெண்டு வருஷம் நானும் அந்த மாஸ்டர் கட்சியிலதான் இருந்தேன். காரணம் ஏற்காடு மலைப்பாதை. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன்.

லைசென்ஸ் வாங்கி நாலு மாசம் ஆகியிருந்தது. வாடகைக்கு ஒரு சின்ன கார் எடுத்து அம்மா, அப்பாவை ஏற்காடு கூட்டிட்டுப் போனேன். ஏறும்போது பிரச்சினை இல்லை. வண்டி திணறினா நாமே கியரைக் குறைச்சிடுவோம். வினை இறங்கும்போதுதான். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. நான் நாலாவது கியர்ல, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கிட்டு இருந்தேன். பாதி தூரத்துல அம்மா, "என்னடா தம்பி, ஏதோ கருகுற வாசனை வருது"ன்னாங்க. பிரேக் பெடல் வேற வழக்கத்தைவிட ஆழமா போற மாதிரி இருந்தது. அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியுது. ஸ்பீடு 45 இருக்கும். பதற்றத்துல கிளட்ச்சை மிதிச்சு நாலுல இருந்து நேரா ரெண்டாவதைப் போட்டு, கிளட்ச்சை டக்குன்னு விட்டேன்.

வண்டி முட்டிக்கிட்ட மாதிரி குலுங்குச்சு. என்ஜின் அலறுச்சு. அம்மாவோட நெத்தி முன் சீட்டுல இடிச்சது. பின்னாடி வந்த ஜீப் ஹாரனை அழுத்திக்கிட்டே ஒதுங்கிப் போனார். பாவம், அவர் மேல தப்பு இல்லை. நான் அந்த நேரம் பிரேக்கைத் தொடலை, அதனால பின்னாடி சிவப்பு விளக்கு எரியலை. நான் வேகம் குறைக்கிறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அன்னிக்கு நான் எடுத்த முடிவு: கியரைத் தாண்டிப் போட்டதுதான் தப்பு. அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல பில்டு ஓடி முடியறதுக்குக் காத்திருந்த நேரத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முடிவு வேற மாதிரி வந்தது.

கணக்கு சிம்பிள்தான். ஒரு சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்னு வெச்சுக்கோங்க. டயர் ஒரு சுத்து சுத்தினா சுமார் 1.9 மீட்டர் போகும். கியர் விகிதங்கள் தோராயமா முதல் கியர் 3.5, ரெண்டாவது 1.9, மூணாவது 1.3, நாலாவது 0.95, அஞ்சாவது 0.75. இது போக டிஃபரென்ஷியல்ல ஒரு 4.1. 60 கிலோமீட்டர் வேகம்னா நிமிஷத்துக்கு 1,000 மீட்டர், அதாவது டயர் சுமார் 526 சுத்து. இதை 4.1-ஆலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினா என்ஜின் எத்தனை ஆர்பிஎம்ல சுத்தணும்னு வந்துடும். அஞ்சாவதுல சுமார் 1,600. நாலாவதுல 2,050. மூணாவதுல 2,800. ரெண்டாவதுல 4,100. முதல் கியர்ல 7,500-க்கு மேல! பெரும்பாலான சின்ன கார்கள்ல சிவப்புக் கோடு 6,000-லிருந்து 6,500-க்குள்ள வந்துடும்.

இந்தக் கணக்குல, எந்த கியர்ல இருந்து வந்தீங்கங்கிற கேள்விக்கே இடம் இல்லை பாருங்க. வண்டியோட வேகம், போகப்போற கியர், இவ்வளவுதான். கோடிங் தெரிஞ்சவங்களுக்குச் சொன்னா, இந்த ஃபங்க்‌ஷனுக்கு ரெண்டே ஆர்குமென்ட், ஹிஸ்டரி கிடையாது.

இப்ப என் ஏற்காடு கதைக்கு வாங்க. 45-ல ரெண்டாவது கியர்னா என்ஜின் சுமார் 3,100-ல சுத்தணும். அது எந்த என்ஜினுக்கும் சாதாரணம். அப்ப ஏன் அப்படிக் குலுங்குச்சு? கிளட்ச்சை மிதிச்சதும் என்ஜின் 800-க்கு இறங்கிடுச்சு. நான் கிளட்ச்சைப் பட்டுனு விட்டதும், 800-ல இருந்த என்ஜினை 3,100-க்கு இழுத்துவிடற வேலை முன் சக்கரங்கள் தலையில விழுந்தது. அந்த சக்தி வண்டியோட வேகத்துல இருந்துதான் வரணும். சக்கரங்களைப் பொறுத்தவரை அது திடீர் பிரேக். ரோடு ஈரமா இருந்திருந்தா, வளைவுக்குள்ள நுழைஞ்சிருந்தா, முன் டயர் வழுக்கி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காம போயிருக்கும். தப்பு கியரைத் தாண்டினதுல இல்லை, கால்ல. கிளட்ச்சை விடறதுக்கு முன்னாடி ஆக்ஸிலரேட்டரை லேசா ஒரு தட்டு தட்டி என்ஜினை 3,000 பக்கம் கொண்டு வந்துட்டு மெதுவா விட்டிருந்தா, அம்மாவுக்குத் தெரிஞ்சே இருக்காது.

சரி, கியர்பாக்ஸுக்குள்ள என்ன நடக்குது? நாம லீவரைத் தள்ளும்போது பல்சக்கரத்தைக் கொண்டுபோய் இன்னொரு பல்சக்கரத்துல மாட்டறோம்னு பலரும் நினைக்கிறாங்க. முன்னோக்கிப் போற கியர்கள் எல்லாம் எப்பவுமே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுத்தான் சுத்தும். நாம செய்யறது, அதுல எந்த ஜோடியை ஷாஃப்ட்டோட பூட்டணும்னு தேர்ந்தெடுக்கறது மட்டும்தான். பூட்டறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தணும். அந்த வேலையைச் செய்யறது சிங்க்ரோனைசர்னு ஒரு வளையம், பல வண்டிகள்ல பித்தளை. குட்டி கிளட்ச் மாதிரி உரசி வேகத்தைச் சமன் பண்ணும். 1928-ல கேடிலாக் கார்கள்ல இது முதல்ல வந்தது. அதுக்கு முன்னாடி ஓட்டினவங்க ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை ரெண்டு தடவை மிதிச்சு, காதால வேகத்தைக் கணக்குப் பண்ணிப் போட்டாங்க. நம்ம ஊர் பழைய லாரி டிரைவர்களைக் கேட்டா "டபுள் கிளட்ச்"னு சொல்வாங்க.

அஞ்சுல இருந்து ரெண்டுக்கு, வேகம் குறையாமலே தள்ளினா, அந்த வளையம் ஒரே மூச்சுல நிறைய உரசணும். லீவர் கனமா இருக்கும், போக மாட்டேன்னு அடம் பிடிக்கும். அது கியர்பாக்ஸ் உங்ககிட்ட பேசற பேச்சு. அமுக்கித் தள்ளாதீங்க. மாஸ்டர் பயப்படறதுல நியாயம் இருக்கற இடம் இதுதான். ஆனா சிக்னல்ல நடக்கறது வேற. நீங்க பிரேக் பிடிச்சு 60-ல இருந்து 25-க்கு வந்தாச்சு. அங்க ரெண்டாவது கியருக்கு 1,700 ஆர்பிஎம் போதும். லீவர் வெண்ணெய் மாதிரி போகும். நடுவுல நாலு, மூணுன்னு ஒவ்வொண்ணாப் போட்டு விட்டா, ஒரு தடவை தேய வேண்டிய கிளட்ச் மூணு தடவை தேயும். பிரேக் பேட் மாத்தறது சின்ன வேலை. கிளட்ச் பிளேட் மாத்தணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும். பில்லைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பிரிட்டன்ல இப்படித் தாண்டிப் போடறதுக்கு "பிளாக் சேஞ்ச்"னு பேரே இருக்கு, கத்துக்கொடுக்கும்போதே சொல்லித் தராங்க.

அப்ப ஏன் நம்ம ஊர்ல "ஆர்டர்" மேல இவ்வளவு பக்தி? என் யூகம்: நம்மில் பாதிப் பேர் பைக்ல இருந்து காருக்கு வந்தவங்க. பைக்ல லீவரை எப்படி மிதிச்சாலும் ஒண்ணு ஒண்ணாத்தான் மாறும், உள்ள இருக்கற டிரம் அப்படி. கார்ல எச் வடிவம். எங்கிருந்து எங்க வேணா போகலாம்.

அந்த சுதந்திரத்துலதான் உண்மையான ஆபத்தும் இருக்கு. 100-ல போயிட்டு இருக்கீங்க, முந்தறதுக்காக அஞ்சுல இருந்து நாலுக்கு இழுக்கறீங்க, கை தவறி ரெண்டுல விழுந்துடுச்சுன்னு வைங்க. கணக்குப்படி 6,800. ரெவ் லிமிட்டர் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இப்ப என்ஜினைச் சுத்தறது பெட்ரோல் இல்லை, சக்கரம். ஃபிரன்ட் எண்டுல மட்டும் வேலிடேஷன் போட்டுட்டு ஏபிஐ-யைத் திறந்து விட்ட மாதிரி. வால்வு நேரத்துக்கு மூடாம பிஸ்டன் மேல இடிச்சா கதை முடிஞ்சது. இங்கிலீஷ்ல இதுக்கு "மணி ஷிஃப்ட்"னு பேரு. காரணம் சொல்லணுமா? அதனால நாலாவதுக்கு இழுக்கும்போது லீவரை இடது பக்கம் அழுத்தாதீங்க. உள்ளங்கையைத் தளர்த்தி, நேரா பின்னாடி.

மேல ஏத்தும்போது தாண்டறதுல இந்த பயம் இல்லை. ஓஎம்ஆர்ல சர்வீஸ் ரோட்டுல இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது மூணாவதுலயே 60 வரைக்கும் இழுத்துட்டு நேரா அஞ்சாவது போடுவேன். சமதளம், 1,600 ஆர்பிஎம், நிம்மதியாப் போகும். 40-லயே அஞ்சாவது போட்டா 1,100-தான் வரும். வண்டி உதறும். அங்க ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கறது என்ஜினைக் கொடுமைப்படுத்தறது. அமெரிக்காவுல செவர்லே கார்வெட்ல இதையே கட்டாயமாக்கினாங்க தெரியுமா? 1989 மாடல்ல இருந்து, மெதுவா ஓட்டினா முதல் கியர்ல இருந்து நேரா நாலாவதுக்குத்தான் லீவர் போகும், ரெண்டு, மூணை ஒரு சொலினாய்ட் அடைச்சிடும். மைலேஜ் டெஸ்ட்ல நல்ல நம்பர் வரணும், பெட்ரோல் குடிக்கற கார்களுக்கான வரியைத் தவிர்க்கணும். வாங்கினவங்க கடுப்பாகி அதை ஏமாத்த ஒரு சின்ன பிளக் வாங்கி மாட்டிக்கிட்டாங்க.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல் போடாதீங்க. இப்ப இருக்கற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல, கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெட்ரோல் கட் ஆயிடும், சக்கரமே என்ஜினைச் சுத்தும். நியூட்ரல்லதான் ஐடில்ல ஓடறதுக்குப் பெட்ரோல் செலவாகும். கூடவே மொத்த பாரமும் பிரேக் மேல. பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் காத்துல மிதிக்கற மாதிரி ஆயிடும். எனக்கு அந்த வாசனை வந்தப்ப நான் செஞ்சிருக்க வேண்டியது, அகலமான இடமா பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடறது. அதைவிட முக்கியம், இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, மேல, நிதானமா ரெண்டாவதைப் போட்டிருக்கணும்.

போன மாசம் திரும்ப ஏற்காடு போனோம். இறங்கும்போது ரெண்டாவது, அப்பப்ப மூணாவது. பின்னாடி நாலு வண்டி வரிசை கட்டி நின்னது, வழி விட்டேன். அப்பா, "ஏன்டா இவ்ளோ மெதுவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அம்மா சேலம் வர்ற வரைக்கும் தூங்கிட்டு வந்தாங்க.

கேள்வி அனுப்பின நேயருக்கு: அண்ணன் சொன்னது சரிங்க, வேகம் குறைஞ்ச பிறகுன்னா. ஆனா டெஸ்ட் முடியற வரைக்கும் மாஸ்டர் முன்னாடி ஆர்டராவே போடுங்க. அவர்கிட்ட ஆர்பிஎம் கணக்கைக் காட்டப் போய் எனக்கு ரெண்டு கிளாஸ் வீணாப்போச்சு.